ஊழியமும் ஓய்வுநாளும்

ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டைக்கு நடந்து வந்து, அங்கே வடக்கு நோக்கிச் செல்லும் பேருந்தில் ஏறினால், பழவங்காடி, புளிமூடு, ஸ்டாச்சு, பாளையம் என வரும் நிறுத்தங்களுக்குப் பின் 'எல்.எம்.எஸ்.' என்றொரு நிறுத்தம் வரும். நடத்துநர் அம்மூன்றெழுத்தையும் உரக்கச் சொல்கிறார். இறங்க வேண்டியோர் இறங்குகின்றனர். அவ்வெழுத்துகள் எதைக் குறிப்பன என்று கேட்டால் பலர் விழிப்பர். 1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தோன்றிய லண்டன் மிஷனெரி சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே அது. அச்சங்கத்தின் வளாகத்தில், 1906ஆம் ஆண்டில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட மேட்டீர் நினைவாலயம் இன்றும் நிற்கிறது. அவ்வாலயம் எவர் பெயரைத் தாங்கியுள்ளதோ அந்தச் சாமுவேல் மேட்டீர், திருவிதாங்கூரைப் பற்றி 1871இலும் 1883இலும் இரண்டு நூல்கள் எழுதியவர். முன்னதற்கு அவர் இட்ட பெயர் 'தருமபூமி' என்று பொருள்படுவது. அப்பெயரில் புகழ்ச்சியும் உண்டு. புகழ்ச்சியின் மறைவில் ஒரு கேள்வியும் உண்டு. தருமம் செய்வோர் யார், அத்தருமத்திற்கு வேண்டிய அரிசியையும் விறகையும் சுமந்தவர் யார் என்பதே அக்கேள்வி.

ஸ்ரீவராகத்தில் வாழும் தமிழர்க்கு இக்கேள்வி அயலாருடையதன்று. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் நாஞ்சில் நாட்டிலோ நெல்லைச் சீமையிலோ இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது, திருவனந்தபுரத்துத் தமிழர் வீட்டை விட்டு ஓரடியும் பெயராமலே வேற்று மாநிலத்துத் தமிழர் ஆயினர். அதற்கு முன்போ, நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே அரசின் கீழ் இருந்தவை. ஆதலின் தென்திருவிதாங்கூர்க் கிறிஸ்தவர்களின் வரலாறு, எச்சமயத்தவராயினும், இந்நகரத்துத் தமிழரெல்லாரும் அறிய வேண்டிய வீட்டு வரலாறே ஆகும்.

அவ்வரலாற்றை இன்று நான் அணுகுவது ஒரே ஒரு வினாவோடு. பிரார்த்தனை செய்பவன் செழிப்பானா? அல்லது உழைப்பவன் செழிப்பானா? கிறிஸ்தவ சமயத்தில் இவ்வினா மிகப் பழையது. விவிலியமே இதற்கு ஒரே விடை தருவதில்லை. கீழ்ப்படிந்து நடப்போரின் களஞ்சியம் நிறையும் என்று பழைய ஏற்பாட்டில் ஒரு குரல் ஒலிக்கிறது. அதே ஏற்பாட்டில், குற்றமற்ற யோபு அனைத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்திருக்கிறான். புதிய ஏற்பாட்டுக்கு வந்தால், செல்வந்தன் விண்ணரசு புகுவதன் அருமைக்கு ஊசியின் காதைச் சொன்னார் இயேசு. ஏழை விதவையின் இரண்டு காசைச் செல்வர்தம் பெருங்காணிக்கைக்கு மேலாக வைத்தார். அவருடைய தூதராகிய பவுலோ, கூடாரம் செய்யும் தொழிலைக் கைவிடாமலே ஊர் ஊராகச் சென்று போதித்தவர். பிறர்க்குச் சுமையாதல் ஆகாது என்பது அவர் கொள்கை.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட் என்னும் துறவி, தம் மடத்தார்க்கு ஒரு விதி எழுதிவைத்தார். நாளின் இத்தனை நாழிகை தொழுகைக்கு, இத்தனை நாழிகை கைத்தொழிலுக்கு, இத்தனை நாழிகை படிப்புக்கு என அதில் வகுத்தார். உயர்குடியிற் பிறந்தவனும் மண்வெட்டி பிடிக்கவேண்டும் என்று அவ்விதி செய்த மாறுதல் சிறிதன்று. பின்னர்ப் பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர், மடத்துக்குள் நிகழும் வழிபாடு மட்டுமே இறைவன் அழைப்பு அன்று, செருப்புத் தைப்பவனின் தொழிலும் அவ்வழைப்பே என்று முழங்கினார். இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கி, 1904, 1905ஆம் ஆண்டுகளில் மாக்ஸ் வேபர் என்னும் ஜெர்மன் அறிஞர் ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சியை வெளியிட்டார். புரோட்டஸ்டண்டு நெறியினரின், சிறப்பாகக் கால்வின் வழிவந்தோரின் கடும் உழைப்பும் சிக்கனமும் மேனாட்டு முதலாளித்துவத்தின் மனப்பான்மைக்கு ஊற்றாயின என்பது அவர் துணிபு. அத்துணிபை ஏற்றவரும் உளர்; மறுத்தவரும் அத்துணைப் பேர் உளர். அவ்வழக்கை நாம் இங்கே தீர்க்க வேண்டுவதில்லை. ஆனால் வேபரின் வாதத்திற்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: உழைப்பவனுக்கு அவனுடைய உழைப்பு சொந்தம் என்பதே அது. அது சொந்தமாய் இராத ஒரு நாட்டில், பிரார்த்தனையும் உழைப்பும் செழிப்பும் எவ்வாறு உறவு கொள்ளும்? தென்திருவிதாங்கூரின் சிறப்பு இங்குதான் இருக்கிறது.

'ஊழியம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு தமிழ்க் கிறிஸ்தவர், தம் மகன் ஊழியத்தில் இருக்கிறான் என்றால், அவன் சமயப் பணி செய்கிறான் என்று பொருள். அச்சொல்லில் ஒரு பெருமிதம் கலந்திருக்கும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் திருவிதாங்கூரில் அதே சொல்லைக் கேட்டவன் நடுங்கியிருப்பான். அரசுக்காகக் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கே அங்கு ஊழியம் என்று பெயர். உப்புச் சுமத்தல், யானைக்குத் தழை வெட்டுதல், பந்தல் போடுதல், அதிகாரிகள் வரும் வழியைச் செப்பனிடுதல், ஊட்டுப்புரைகளுக்குக் காய்கறியும் விறகும் கொண்டு சேர்த்தல் ஆகிய பணிகளுக்கு, நாடார், ஈழவர், சாம்பவர், புலையர் முதலிய மக்கள் அழைத்தபோது வந்தாக வேண்டும். தன் பனையில் பதநீர் வழிந்து வீணாயினும், தன் வயலில் கதிர் முற்றி உதிரினும், அழைப்பு வந்தால் போக வேண்டியதுதான். 'விருத்தி' என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. நமக்கு அது பெருக்கத்தைக் குறிக்கும் மங்கலச் சொல். திருவிதாங்கூர் நிலவரிக் கணக்கிலோ, அரசுக்கும் கோயிலுக்கும் பொருளும் பணியும் தரும் நிபந்தனையின்மேல் விடப்பட்ட நிலத்தின் பெயர் அது. விருத்தி நிலம் வைத்திருந்தவனுக்கு விருத்தி உண்டாயிற்று என்று சொல்வதற்கில்லை.

ஸ்ரீவராகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே கோட்டையும் பத்மநாபசுவாமி கோயிலும் உள்ளன. 1750இல் மார்த்தாண்டவர்மர் தம் நாட்டையே அப்பெருமானுக்கு அர்ப்பணம் செய்து, தாம் அவர் தாசராக ஆண்டார். ஆறாண்டுக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் நடைபெறும் முறைஜபம் அக்காலத்துச் சிறப்புகளுள் ஒன்று. வேதம் ஓதுவோர் பல ஊர்களிலிருந்தும் வந்து கூட, அவர்க்கு நாள்தோறும் விருந்து நடக்கும். நாட்டின் நலத்துக்காகச் செய்யப்பட்ட வேண்டுதல் அது. அதில் ஈடுபட்டோரின் பக்தியில் எனக்கு ஐயமில்லை. எனினும் வரலாறு எழுதுவோன் ஒன்றைக் குறித்தாக வேண்டும். அந்நாளைய அமைப்பில் தொழுதவர் ஒருவர், சுமந்தவர் மற்றொருவர், அனுபவித்தவர் பெரும்பாலும் மூன்றாமவர். இது கோயிலைச் சார்ந்த ஒரு தரப்பின் குறைமட்டும் அன்று. பழைய சிரியன் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் அடிமைகளை வைத்து வயல் உழுதோர் உண்டு. ஆயிரமாண்டுக்கு மேற்பட்ட கிறிஸ்தவம் இந்நாட்டில் இருந்தும், அடிமையின் உழைப்பைப் பற்றி அது நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 1836ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவிதாங்கூரில் அடிமைகளாகக் குறிக்கப்பட்டோர் 1,64,864 பேர்.

இனி மயிலாடிக்குச் செல்வோம். கன்னியாகுமரிக்கு அருகே, இன்று கற்சிற்பத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்கே சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர் சைவப் பற்றுடையவர். சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றவர். திரும்பும் வழியில் தஞ்சையில் இருந்த உறவினரைக் காணச் சென்றபோது, அங்கே கிறிஸ்தவ போதனையைக் கேட்டார். வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். இது பதினெட்டாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் நிகழ்ந்தது. ஆக, தென்திருவிதாங்கூரில் புரோட்டஸ்டண்டு சமயத்தைக் கொணர்ந்தவர் வெள்ளையர் அல்லர். யாத்திரை போய் வந்த ஒரு தமிழ் உழவர். அவர் அழைத்ததன்மேல்தான் பிரஷ்ய நாட்டினரான வில்லியம் தோபியாஸ் ரிங்கல்தௌபே, 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக உள்ளே வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது.

ரிங்கல்தௌபே விசித்திரமான மனிதர். தம் சம்பளத்தில் பெரும்பகுதியை ஏழைகளுக்கும் உபதேசிமார்க்கும் கொடுத்துவிட்டுக் கிழிந்த உடையோடு திரிந்தவர். அவரிடம் ஞானஸ்நானம் கேட்டு மக்கள் திரண்டபோது அவர் மகிழவில்லை, சலித்துக்கொண்டார். கிறிஸ்தவரானால் வரியும் ஊழியமும் நீங்கும், துரையின் சிபாரிசு கிடைக்கும் என்ற எண்ணத்தோடு பலர் வருகிறார்கள் என்பது அவர் கடிதங்களில் காணும் குறை. உலக நன்மையை எதிர்பார்த்து வந்தவரை அவர் எளிதில் சேர்த்துக்கொள்ளவில்லை. இங்கே எனக்கு அவரோடு சிறிது மாறுபாடு உண்டு. முதுகில் சுமையோடு வருபவன், சுமையை இறக்கிவைக்க இடம் உண்டா என்று முதலில் கேட்பது தவறாகாது. செழிப்பை வேண்டிய பிரார்த்தனை என்று நாம் எளிதில் இழித்துரைப்பது, பல சமயங்களில், பசியாமல் இருக்க வேண்டிய பிரார்த்தனையே. 1816இல் ரிங்கல்தௌபே நாட்டை விட்டுச் சென்றார்; அவர் முடிவு எங்கே, எவ்வாறு நேர்ந்ததென்பது இன்றளவும் தெளிவில்லை. அடுத்த மிஷனெரி வரும்வரை சபைகளைத் தாங்கியவர் வேதமாணிக்கமே.

இந்த இடைக்காலத்தில்தான் முக்கியமானதொரு மாறுதல் ஏற்பட்டது. 1810 முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகவும், 1811 முதல் 1814 வரை திவானாகவும் விளங்கிய கர்னல் ஜான் மன்றோவின் செல்வாக்கால், கிறிஸ்தவரானவர்களை ஞாயிற்றுக்கிழமையில் ஊழியத்துக்கு அழைக்கலாகாது என்ற ஆணை பிறந்தது. கோயில் சார்ந்த பணிகளினின்றும் அவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. கேட்பதற்குச் சிறிய சலுகை. ஆனால் அதன் உள்ளீட்டை எண்ணிப் பாருங்கள். லண்டன் மிஷன் சங்கத்தார் பெரும்பாலும் தூய நெறியினர் எனப்பட்ட ஆங்கிலப் பியூரிட்டன்களின் வழிவந்தோர். ஓய்வுநாளை மிகக் கண்டிப்பாக அனுசரிப்பவர். இங்கிலாந்தில் அந்த ஓய்வுநாள், தன் கடையைத் தானே நடத்தும் வணிகன் ஆறு நாள் ஆதாயத்துக்கு இடையே தனக்கு இட்டுக்கொண்ட கட்டுப்பாடு. திருவிதாங்கூரிலோ, ஆறு நாளும் தனக்கு உரியதாய் இராத ஒருவனுக்கு முதன்முதலாகக் கிடைத்த சொந்த நாள் அது. அன்று அவன் செய்தது பிரார்த்தனை. ஆனால் அழைக்க வந்த சேவகனிடம், 'இன்று வரமாட்டேன்' என்று சொல்ல முடிந்ததே, அது பிரார்த்தனைக்கும் அப்பாற்பட்ட ஒரு பாடம். ஒரு நாள் தனதானால் மற்ற ஆறு நாள் ஏன் தனதாகக் கூடாது என்ற எண்ணம் எழுவதற்கு நெடுநாள் செல்லவில்லை. அதிகாரிகளும் இதை உணர்ந்தே இருந்தனர். 1829 பிப்ரவரியில் வெளியான அரசுப் பிரகடனம், ஞாயிறு தவிர மற்ற நாள்களில் வழக்கமான ஊழியத்தை நாடார் மக்கள் செய்தே ஆக வேண்டும் என்று அழுத்திச் சொல்ல நேர்ந்தது.

1818இல் சார்லஸ் மீட் நாகர்கோவிலில் பணி தொடங்கினார். அரசின் ஆதரவை இங்கே மறைக்கலாகாது. ராணியார் அளித்த 5,000 ரூபாயைக் கொண்டு நெல்வயல்கள் வாங்கப்பட்டு, அவற்றின் வருவாய் மிஷன் கல்விச்சாலைக்கு ஆதாரமாயிற்று. பிற்காலத்தில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அச்சாலையே. மீட் சில காலம் நாகர்கோவிலில் நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார். ராணி கௌரி லட்சுமிபாய் 1812இலேயே அடிமை வாணிபத்துக்கு ஓரளவு தடை விதித்தவர். நன்மை அனைத்தும் கப்பலில் வந்திறங்கியது என்று எழுதுவோர் இவற்றை மறந்துவிடுகின்றனர்.

1819 இறுதியில் சார்லஸ் மால்ட் தம் மனைவி மார்த்தாவோடு வந்தார். நம் பொருளுக்கு மால்ட் துரையினும் மார்த்தா அம்மையாரே முக்கியமானவர். பெண்களுக்கு ஒரு பள்ளி நடத்திய அவர், 1821இல் அப்பள்ளியில் லேஸ் பின்னும் தொழிலைத் தொடங்கிவைத்தார். நாகர்கோவில் லேஸ் என்று பின்னர்ப் பெயர்பெற்ற தொழில் இதுவே. அதன் செய்முறையைச் சொல்லுகிறேன். இறுகத் திணித்த ஒரு திண்டை மடியிலோ எதிரிலோ வைத்துக்கொண்டு, அதன்மேல் துளையிட்ட மாதிரித் தாளைப் பதிப்பார்கள். துளைதோறும் குண்டூசி நடுவார்கள். நுனியில் நூல் சுற்றிய சிறு கட்டைகள் பல, திண்டின் முன்புறம் தொங்கும். அவற்றை இரண்டிரண்டாக மாற்றியும் முறுக்கியும், ஊசிகளைச் சுற்றி நூலை ஓட்ட, பூவும் இலையுமாகப் பின்னல் விரியும். கண்ணும் கையும் ஒருங்கே நிற்க வேண்டிய வேலை. ஒரு முழம் முடிக்கப் பல நாள் ஆகும். ஐரோப்பியச் சீமாட்டிகள் அதை விலை கொடுத்து வாங்கினர்.

அப்பள்ளியில் படித்த சிறுமியரில் அடிமைகளாகப் பிறந்தோரும் இருந்தனர். லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொண்டு அவர்களுட் சிலர் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கினர். மிஷன் அறிக்கைகளில் ஓரிரு வரியில் வந்துபோகும் இச்செய்தியை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை. சிலருக்கு விடுதலை பிரகடனத்தால் வருகிறது. சிலருக்குப் போரால் வருகிறது. இச்சிறுமியர்க்கோ அது நூல் நூலாக வந்தது. பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் அவர்கள் பிரார்த்தித்திருப்பர். ஆனால் எசமானிடம் கொடுத்த காசு, திண்டின்மேல் குனிந்திருந்த நாள்களின் காசு. உழைப்பு தனக்கு உரியதாகும்போது மனிதன் செழிக்கிறான் என்பது பொதுவான பேச்சு. உழைப்பைக் கொண்டே அவ்வுரிமையை மீட்டது அதனினும் அரியது.

கையில் காசு வந்தபின் முதலில் மாறியது உடை. நாடார் முதலிய குலப் பெண்கள் மேலாடை அணியலாகாது என்ற வழக்கம், மிஷன் பள்ளிகளில் தைத்த குப்பாயத்தோடு மோதியது. 1822 தொடங்கி மூன்று கட்டங்களாக நடந்த தோள்சீலைக் கலகத்தின் விவரங்களை நேயர்கள் அறிவர், ஆதலின் விரிக்கவில்லை. பள்ளிகளும் ஆலயங்களும் எரிந்தன. சந்தையில் பெண்களின் சீலை கிழிக்கப்பட்டது. 1859 ஜூலை 26ஆம் நாள் உத்திரம் திருநாள் மகாராஜாவின் பிரகடனம், நாடார் பெண்கள் மேலாடை அணிவதை அனுமதித்தது. அப்போதும் உயர்சாதியார் அணியும் முறையில் அணியலாகாது என்ற வரம்போடுதான். கலகத்தை வெறும் நாகரிகப் பூசலாகக் காண்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவள் தோளில் சீலை விழுந்ததோ, அவள் வீட்டார் ஊழியத்துக்கும் வர மறுப்பர் என்று எதிர்த்தோர் சரியாகவே கணக்கிட்டனர்.

அடிமைமுறை ஒழிப்புக்கான விண்ணப்பத்தை மிஷனெரிமார் 1847இல் மகாராஜாவிடம் சமர்ப்பித்தனர். அவர்களுள் முன்னின்ற ஜான் காக்ஸ், 1838இல் திருவனந்தபுரத்தில் லண்டன் மிஷனின் பணியைத் தொடங்கியவர். 1855 ஜூன் 24ஆம் நாள் பிரகடனத்தால் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. பின்னர்ச் சர் டி. மாதவராவ் திவானாக இருந்த 1858 முதல் 1872 வரையுள்ள காலத்தில், சாலையும் கால்வாயும் வெட்ட அரசே கூலி கொடுத்து ஆளமர்த்தும் முறை பரவியது. கூலி என்பது இன்று நமக்குச் சிறுமை தரும் சொல். ஊழியம் செய்த தகப்பனுக்குப் பிறந்த மகனுக்கு அது பெருமை.

இவ்விடத்தில் மற்றொருவரையும் நினைக்க வேண்டும். மயிலாடிக்கு அண்மையில், சுவாமித்தோப்பில் வாழ்ந்த அய்யா வைகுண்டர் கிறிஸ்தவர் அல்லர்; மதம் மாறுவதை ஏற்றவரும் அல்லர். ஆயினும் அதே ஊழியக் கொடுமையையும் வரிச் சுமையையும் எதிர்த்து அவர் எழுப்பிய குரல், மிஷனெரிமார் குரலினும் உரத்தது. அதன் பொருட்டு அவரைப் பிடித்து இதே திருவனந்தபுரத்தில், சிங்காரத்தோப்பில் சிறைவைத்தனர். விடுதலையானபின், குளித்து, துவைத்து, ஒருங்கே சமைத்து, கூட்டாக வழிபட்டு வாழும் துவையல் பந்தி என்னும் நோன்பு வாழ்வை அவர் ஏற்படுத்தினார். தொழுகையையும் கைவேலையையும் ஒரே மனிதரிடத்தில் சேர்க்கும் முயற்சி அது. பெனடிக்டின் மடத்து விதியை அவரோ அவர் அடியாரோ கேட்டிருக்க வாய்ப்பில்லை. இதனைச் சொல்வதன் காரணம், மேற்கூறிய மாறுதல் ஒரு சமயத்தின் தனிச்சொத்து என்று நேயர்கள் கொள்ளாதிருக்க வேண்டும் என்பதே.

செழிப்பு வந்தது. பனையேறியின் மகன் பள்ளி ஆசிரியரானான். பேரன் வக்கீலும் மருத்துவரும் ஆனான். இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றோர் பணம் அனுப்பினர், அப்பணம் ஓட்டு வீடாயிற்று, ஆலயத்து மணியாயிற்று. நெய்யூரில் 1838இல் டாக்டர் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி பெரிய மருத்துவமனையாக வளர்ந்து, உள்ளூர் இளைஞர்க்கு மருத்துவத் தொழிலையும் கற்பித்தது. ஆனால் செழிப்போடு அதன் நிழலும் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி என்ற ஆங்கிலப் போதகர் ஒரு கவலையை எழுதி வைத்திருக்கிறார். பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வரும். அவை செல்வத்தைக் கொண்டுவரும். செல்வம் பெருகப் பெருக, எந்தப் பக்தியால் அது வந்ததோ அது தேய்ந்துபோகும் என்பது அவர் அச்சம். தென்திருவிதாங்கூரில் அவ்வச்சம் சாதியின் உருவில் மெய்யாயிற்று. முதல் ஆலயத்தை எழுப்பிய வேதமாணிக்கத்தின் குலத்தார், பின்னாளில் பல சபைகளில் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். நிலமும் கல்வியும் முந்திப் பெற்றவர், பிந்தி வந்தவரை ஒரே பாயில் அமரவிடத் தயங்கினர். மிஷன் நூல்களே இதை ஒப்புக்கொள்கின்றன. லேஸ் தொழிலிலும், பின்னியவள் வேறு, அணிந்தவள் வேறு என்ற நிலை கடைசிவரை மாறவில்லை.

தொழிலையும் ஜெபத்தையும் ஒரே கூரையின்கீழ் வைத்தால் என்ன நேரும் என்பதற்கு வடக்கே மற்றொரு சான்று உண்டு. பாசல் மிஷனார் 1865இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினர். கோழிக்கோட்டிலும் தொழில்கள் நடத்தினர். சாதியை விட்டு வந்தவன் பிழைப்பையும் இழந்தான். அவனுக்கு வேலை தர வேண்டிய கடமை மிஷனுக்கு நேர்ந்தது. நல்ல நோக்கம். ஆனால் போதகரே முதலாளியாகும்போது, தொழிலாளி தன் கூலியைப் பற்றி எவரிடம் முறையிடுவான்? நாகர்கோவில் பகுதியில் பெருந்தொழிற்சாலை எழாததை நான் ஒரு குறையாகக் கருதவில்லை. அங்கே வேலை வீட்டுத் திண்ணையிலும் பனங்காட்டிலும் நிகழ்ந்தது. காணிக்கையின் அளவைத் தீர்மானித்தவளும் வீட்டுக்காரியே.

பிடியரிசிக் காணிக்கை அப்படி வந்தது. உலையில் இடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இடுவாள். வாரக் கடைசியில் அப்பானை ஆலயத்துக்குப் போகும். உபதேசியின் சம்பளம், பள்ளிக் கூரையின் ஓலை, விதவையின் உதவி ஆகியவற்றுள் பெரும்பங்கு அவ்வரிசியிலிருந்து வந்தது. லண்டனிலிருந்து வந்த பணத்தைப் பற்றி எழுதியவர் பலர். அப்பானையைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். ஒருகாலத்தில் தன் அரிசியை அளக்கவும் உரிமையின்றி இருந்தவளுக்கு, அதிலிருந்து ஒரு பிடியை விரும்பிக் கொடுப்பதன் இன்பத்தை, வரிப்புத்தகம் மட்டும் பார்த்தவர் அறிய வழியில்லை.

ஆண்டுக்கொருமுறை தோத்திரப் பண்டிகை வரும். நெல்லும் வாழைக்குலையும் தேங்காயும் பலாவும் சேவலும் கருப்பட்டிச் சிப்பமும் ஆலய வாசலில் குவியும். ஆராதனை முடிந்ததும் ஏலம். கேட்பவர் ஒருவர்க்கொருவர் போட்டியிட, சந்தையில் விலைபோகாத சிறு பூசணி, சந்தை விலையின் பல மடங்குக்குப் போகும். கொடுத்தவரே தம் பொருளை ஏலத்தில் எடுப்பதும் உண்டு. எடுத்து அங்கேயே மறுபடி கொடுத்துவிடுவதும் உண்டு. பொருளியல் அறிஞர் இதைப் பார்த்தால் திகைப்பார். திருவனந்தபுரத்தில் பணிபுரியும் நாகர்கோவிலார் பலர், தம் ஊர்ச் சபையின் பண்டிகைக்கென்று விடுப்பெடுத்துச் செல்வதை நான் கண்டிருக்கிறேன். மாலை ரயிலில் அவர்கள் திரும்பும்போது, பையில் ஏலத்தில் எடுத்த ஒரு கருப்பட்டிச் சிப்பம் இருக்கும். சாலைக் கடைத்தெருவில் அதுவே பாதி விலைக்குக் கிடைக்கும் என்று சொன்னால், தெரியும் என்று தலையசைத்துவிட்டு, ஓலையைப் பிரித்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் இரண்டிரண்டாகக் கொடுத்தனுப்புவார்கள்.